ஹுமியா ஓர்கானிக் சிவப்பு வைன்: திருகோணமலை வெக்கையில் எப்படி வாங்குவது, எப்படிக் குடிப்பது

ஸ்பெயினின் தென்கிழக்கில் இருக்கும் ஹுமியா வரண்ட மேட்டுநிலம். ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீற்றர் மழைதான். திருகோணமலையில் அது நவம்பர் ஒரு மாதத்துக்கே சரி. மழை குறைந்தால் இலைகளில் பூஞ்சணமும் குறையும், மருந்தடிக்கும் தேவையும் குறையும். அங்கே சேதன (ஓர்கானிக்) முறையில் திராட்சை வளர்ப்பது மற்ற இடங்களைவிட எளிதாக இருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

திராட்சையின் பெயர் மொனஸ்திரெல், பிரான்சில் மூர்வேத்ர். தடித்த தோல், சிறிய பழம், பிந்திப் பழுக்கும் இனம். வெயிலில் சீனி ஏறுவதால் மதுசாரம் 14 முதல் 15 வீதம் வரை போகும். மரப்பீப்பாயில் வைக்காத இளம் வைன்தான் நமக்குத் தோது: கறுத்த பழச்சுவை, கொஞ்சம் மிளகு, உலர்ந்த மூலிகை வாசம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. பீப்பாயில் கிடந்தது இந்த வெக்கைக்குப் பாரம்.

போத்தலில் பச்சை நிறத்தில் வெள்ளை நட்சத்திரங்களாலான இலைச் சின்னம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர்கானிக் சின்னம், இருக்க வேண்டும். 2012 அறுவடையிலிருந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் வைனையே ஓர்கானிக் என்று அழைக்க அனுமதித்தது. அதற்கு முன் திராட்சைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஓர்கானிக் என்றால் சல்பைற்று (வைன் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள்) அறவே இல்லை என்று நம்ப வேண்டாம். சீனி மிஞ்சாத சிவப்பு வைனுக்கு லீற்றருக்கு 100 மில்லிகிராம் வரை இடமுண்டு, சாதாரண வைனுக்கு 150. ஆஸ்துமாக்காரர் பின்பக்க லேபலைப் படித்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் சிக்கல் தொடங்குவதும் இந்தக் கந்தகக் குறைவில்தான். காவல் குறைந்த வைன் சூட்டுக்குச் சீக்கிரம் விழும். கொழும்பிலிருந்து லொறியில் வந்து, வெயில் படும் தட்டில் மாதக்கணக்கில் நின்ற போத்தல் அவித்த பழமாக மணக்கும், நிறமும் பழுப்பேறும். வாங்குமுன் தக்கை வாயை விட்டு எழும்பியிருக்கிறதா, மூடிக்குக் கீழே பிசுபிசுப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். அறுவடை ஆண்டு இரண்டு மூன்று வருடத்துக்குள் இருப்பது நல்லது. பின்னறையில் குளிரூட்டி ஓடும் கடையை விசாரித்துப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. போயா நாளில் கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கள்.

சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டு வீட்டுக்கு உரியது. உப்புவெளியில் அறை 30 பாகை; அந்தச் சூட்டில் மதுசாரம் மட்டும்தான் மூக்கில் ஏறும். 16 பாகைக்கு இறக்குங்கள்: பிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம். ஐஸ் மட்டும் போட்டால் போத்தலோடு ஒட்டாது, மெதுவாகத்தான் குளிரும். திறந்ததும் தீக்குச்சி, முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள், மொனஸ்திரெலுக்கு அது வழமை. ஒரு ஜக்கில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் போய்விடும். அடியில் மண்டி நின்றால் கடைசி மிடறை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். சூரை, சாளை போன்ற எண்ணெய் மீனோடு சேர்த்தால் வாயில் இரும்புச் சுவை தங்கும். உறைப்பான நண்டுக்கறியோடு மதுசாரம் எரிச்சலைக் கூட்டும். மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல் இரண்டும் அருமையாகப் பொருந்தும். மிஞ்சியதைத் தக்கையடைத்து பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். மேசையில் விட்டால் மறுநாளே புளிப்புத் தட்டும்.