புண்ணியவான் கை வைத்த கார்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "மச்சான், உன்னோடது மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" அந்த நேரம் பார்த்து நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முழங்கை வரை பிரேக் ஆயில் வழிகிறது. கண்ணுக்கு நேர் மேலே மூலை மழுங்கிய ஒரு சின்ன நட், ஸ்பானரை எப்படி வைத்தாலும் வழுக்குகிறது. "வாங்காதே!" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். கேட்டவன் பாவம். என் கோபம் முழுக்க அந்த நட் மேல். அவனுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நிதானம் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியவில்லை.

கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டா என்றால்தான் பலருக்குத் தெரியும். இரண்டே சீட், மேலே மடக்கித் திறக்கும் துணிக் கூரை. 1.6 லிட்டர் இன்ஜின், 1992-ல் வந்தது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை வினாடியில் நூறு என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும், நான் சொல்லத் தேவையில்லை. நான் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எந்தக் காரிலும் நான் செய்திருந்த அதிகபட்ச ரிப்பேர், வைப்பர் டப்பாவில் தண்ணீர் ஊற்றியதுதான்.

வாங்கும்போது எல்லாரும் இன்ஜினைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஐந்து வருடத்தில் என்னைத் தொந்தரவே செய்யாத ஒன்று உண்டென்றால் அது இன்ஜின்தான். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட இந்த 1.6-ல் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் இரண்டாவது வருடமே பெல்ட்டை நானே மாற்றினேன். கை நடுங்கியது, ஆனால் ஒரு போல்ட்கூட முரண்டு பிடிக்கவில்லை.

முரண்டு பிடித்ததெல்லாம் வேறு. இந்தக் காரில் தொழிற்சாலை பூட்டியது எதுவும் முப்பது வருடம் கழித்தும் ஒழுங்காகக் கழன்று வருகிறது. அதற்கு அப்புறம் ஒருவர் பூட்டியது எதுவும் கழன்று வரமாட்டேன் என்கிறது. அவர்தான் முந்தைய ஓனர். தரகர் மூலம் வாங்கியதால் அவரை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புண்ணியவான்.

புண்ணியவானின் கைவண்ணத்தை முதல் மாதமே பார்த்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பின்பக்க கிராங்க் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இன்ஜினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம் அது. சம்மதிக்க இருந்தேன். அன்று இரவு எதற்கும் பார்ப்போமே என்று டார்ச்சை வைத்துக்கொண்டு மேலேயிருந்து பார்த்தால், ஆயில் கீழே பிறக்கவே இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்முனையிலிருந்து ஒரு கோடாக வழிந்து வந்துகொண்டிருந்தது. அங்கே கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று செருகியிருக்கும், அதைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங். இருபது முப்பது வருடச் சூட்டில் அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். கசியும் ஆயில் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு சீல் போனது போலத்தான் தெரியும். இந்த மாடலை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம், எனக்குத்தான் தெரியவில்லை.

சில்லறைக் காசு சமாச்சாரம் அந்த ஓ-ரிங். புண்ணியவானுக்கும் கசிவு தெரிந்திருக்கிறது. சென்சாரைக் கழற்றி ஓ-ரிங்கை மாற்றியிருக்கலாம். அவரோ சுவர் விரிசலில் சிமெண்ட் அப்புவது போல, சாம்பல் நிற சிலிக்கான் பசையை வெளியிலிருந்து அப்பிவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்துக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும், விரலை மடக்க முடியாது. இன்ஜின் மேல் துண்டைப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, ஒரு கையால் தடவித் தடவி அந்தப் பசையைச் சுரண்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புது ஓ-ரிங் போட இரண்டு நிமிடம்.

செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: சென்சாரைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் நிலையில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறும். கோட்டுக்குக் கோடு சேர்த்துப் பூட்டினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். அப்புறம் டைமிங் லைட் வைத்து பத்து டிகிரிக்குச் சரி செய்துகொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். மழை பெய்த மறுநாள் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் நனைந்திருக்கும். மேல் துணி கிழிந்திருக்கிறது என்று புண்ணியவான் முடிவு கட்டியிருக்கிறார். விளிம்பு நெடுகிலும் மறுபடி அதே சிலிக்கான். துணியில் ஓட்டையே இல்லை. துணியில் விழும் தண்ணீர் இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இருக்கும் வடிகுழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்று படித்திருந்ததால், தடிமனான நைலான் நரம்பை விட்டு மெல்லக் கடைந்தேன். கடகடவென்று ஒரு சத்தம், காருக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. அந்தக் காட்சியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். வடியாத தண்ணீர் வருடக்கணக்கில் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை உள்ளேயிருந்து தின்றிருந்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை, வழுக்கி விழுகிறது. உள்ளே இரும்பே இல்லை, பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். வெல்டிங் நமக்கு வராது. தெரிந்தவரிடம் கொடுத்தேன், சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

என் தரப்புத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பல ஸ்க்ரூக்களின் தலையை நானே கெடுத்தேன். ஜப்பான் கார்களில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவைப் பார்த்தால் சாதாரண ஸ்டார் திருப்புளியே போதும் என்று தோன்றும். இல்லை. அது ஜப்பான் தரத்தில் வெட்டியது, பெரும்பாலும் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். நம் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகினால் ஏறி வழுக்கி ஸ்க்ரூவைச் சுரண்டிவிடும். அதற்கென்று தனித் திருப்புளி இருக்கிறது. அதை வாங்கியபின் இன்றுவரை ஒரு ஸ்க்ரூவும் கெடவில்லை. பாகங்களுக்குச் செலவழித்ததைவிடக் கருவிகளுக்கு அதிகம் செலவழித்திருப்பேன், வீட்டில் கணக்குக் கேட்கும்வரை பிரச்சினை இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவு திட்டினாலும் பாகம் கிடைக்கவில்லை என்று ஒரு நாளும் வண்டி நின்றதில்லை. 1989-ல் வர ஆரம்பித்த கார், எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016-ல் எண்ணிக்கையில் பத்து லட்சத்தைத் தொட்டது. இத்தனை பேர் வைத்திருக்கும்போது பாகம் செய்ய ஆள் இருக்கத்தானே செய்யும்? 2017-ல் மாஸ்டாவே முதல் தலைமுறைக்கென்று ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. முப்பது வருடப் பழைய காருக்கு எத்தனை கம்பெனி அப்படிச் செய்யும்?

அப்புறம் அந்த கியர். இதைப் பற்றி எழுதினால் கோபம் தானாக இறங்குகிறது. வாங்கியபோது லிவர் லொடலொட என்று ஆடும், ஓட்டும்போது அதன் அடியிலிருந்து சூட்டுக் காற்று காலில் அடிக்கும். லிவருக்கு அடியில் இரண்டு ரப்பர் உறைகள் உண்டு, இரண்டும் கிழிந்து நாராக இருந்தன. லிவர் உட்காரும் சின்னக் கிண்ணத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் ஆயில், நூறு மில்லிக்கும் குறைவு. அதில் சொட்டு ஆயில் இல்லை. உறைகளை மாற்றி, ஆயில் ஊற்றி, ஒரே மதியத்தில் முடித்தேன். புண்ணியவான் கை படாத இடம் போலிருக்கிறது, எல்லா போல்ட்டும் சொன்னபடி கேட்டது. அன்று மாலை ஓட்டிப் பார்த்தால், இரண்டிலிருந்து மூன்றுக்கு, பூட்டில் அதன் சாவியே நுழைந்தது போல ஒரு 'டக்'. மணிக்கட்டை அசைத்தால் போதும், தோள் வரை போகவேண்டியதில்லை. கார் ஒரு டன்கூட இல்லை, அதனால் நாற்பதில் போகும்போதே வேகமாகப் போவது போலிருக்கும். தேவையே இல்லாமல் கியரை மாற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி மூன்று சுற்று போனேன். இப்போதும் சிக்னலில் நிற்கும்போது லிவரைச் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பேன்.

சரி, போன வார நட்டுக்கு வருகிறேன்.

கிளட்ச் பெடல் தரை வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று அரைத்தது. பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயில் வழியாக வாங்கி கிளட்சைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கினால் உள்ளே ஈரம். போன வருடம்தான் அதை மாற்றியிருந்தேன். கையில் கிடைத்ததிலேயே மலிவானதை வாங்கிப் போட்டேன். மேலே பெடல் பக்கமிருந்து அந்த ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்று என்று படித்த இடத்திலெல்லாம் சொல்லியிருந்தார்கள், கேட்கவில்லை. பதினோரு மாதத்தில் கசிந்துவிட்டது. இந்தத் தடவை இரண்டையும் மாற்றுவோம் என்று அடியில் நுழைந்தால், பைப்பைப் பிடித்திருக்கும் அந்த நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாக நிற்கிறது. புண்ணியவானே, இங்கேயுமா என்று வாய்விட்டே திட்டினேன். அந்த நேரத்தில்தான் நண்பனின் போன்.

எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம். பைப் எப்படி வளைந்து போகிறது என்று பார்க்கப் போன வருடப் படத்தைத் திறந்தேன். கழற்றும் முன் எடுத்தது: நட்டில் ஆறு மூலையும் கத்தி போலக் கூராக இருந்தன. பூட்டியபின் எடுத்தது: மூன்று மூலை பளபளவென்று தேய்ந்து, பக்கத்தில் என் கைரேகை. வாய் திறந்த சாதாரண ஸ்பானரை வைத்துத் திருகியவன் நான்தான். இந்த மாதிரி நட்டுக்கு மூலைகளை எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பானர் வேண்டும், அது அப்போது என்னிடம் இல்லை. புண்ணியவான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை.

படத்தைத் தங்கையிடம் காட்டினேன். பெடல் மிதிக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தேன். பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் அவரைத் திட்டினதில எத்தனை உன்னோடது அண்ணா?" என்றாள். பதில் சொல்லாமல் அடியில் நுழைந்துவிட்டேன். கடைசியில் கிரிப் பிளையரால் இறுக்கிப் பிடித்துக் கழற்றி, பைப்பையே புதிதாக மாற்றினேன். அப்புறம் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. "அழுத்து." "அழுத்திட்டேன்." "விடாதே." "எவ்வளவு நேரம்?" "விடாதேன்னு சொன்னேன்ல." இருட்டும் வரை இதே பேச்சு. பெடல் மெல்ல மெல்லக் கெட்டியானது. சொட்டிய பிரேக் ஆயிலை உடனே துடைக்க மறந்ததில் ஃபெண்டர் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்துவிட்டது. அதுவும் என் கணக்கில்தான்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. உன்னிடம் இருப்பது ஒரே கார், திங்கட்கிழமை காலையில் அது கிளம்பியாக வேண்டும். என் வண்டி ஐந்து வருடத்தில் மொத்தமாக ஒரு வருடமாவது ஸ்டாண்டின் மேல் நின்றிருக்கும். பொறுமை உனக்கு என்னைவிடக் குறைவு, எனக்கே இல்லை.

இதை இப்படியே அவனுக்கு அனுப்பினேன். "அப்போ உன்னோடதை எனக்குக் குடுத்துடேன்" என்று கேட்டான். முடியாது என்று சொல்ல ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. சனிக்கிழமை அந்தக் காரைப் பார்க்கப் போகிறானாம். காந்தமும் டார்ச்சும் என்னிடம்தான் இருக்கின்றன, நானும் போகிறேன். ஹெட்டின் பின்பக்கம் சிலிக்கான் அப்பியிருக்கிறதா என்று முதலில் அதைப் பார்க்க வேண்டும்.