ரூபி பிரிட்ஜஸா, எலிசபெத் எக்ஃபோர்டா: வகுப்பில் யாருடைய வாழ்க்கையைச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினை உடைந்த வரலாற்றைக் கற்பிக்க ஒரே ஒரு பாடவேளை மட்டும் கிடைக்கும் ஆசிரியர்கள், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிகளில் சேர்ந்த கறுப்பின மாணவியரான இவ்விருவரில் யாரைத் தேர்வது என்று தயங்குவதுண்டு.

வயது: 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்தபோது ரூபிக்கு 6 வயது, 1957 செப்டம்பர் 4 அன்று லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப்பள்ளிக்கு வந்த எலிசபெத்துக்கு 15.

துணை: ரூபியுடன் தாயும் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) காவல் அதிகாரிகளான மார்ஷல்களும் சென்றனர். எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லாததால், அதே பள்ளியில் சேரவிருந்த மற்ற எட்டு கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து செல்லும் ஏற்பாடு அவருக்குத் தெரியவில்லை. ஆர்க்கன்சா மாநில ஆளுநர் ஃபாபஸ் நிறுத்தியிருந்த தேசியக் காவல் படையினர் வழிமறிக்க, வசைபாடும் கூட்டத்தினூடே பேருந்து நிறுத்தம்வரை தனியாகவே நடந்தார். (அவர் அப்படி நடந்ததைக் காட்டும் ஒளிப்படத்தை விளக்கவே அரைப் பாடவேளை ஆகிவிடும்.)

பின்விளைவு: வெள்ளையர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டதால், ரூபி அந்தக் கல்வியாண்டில் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியையிடம் தனியாகப் படித்தார்; தந்தை வேலையிழந்தார். எலிசபெத்தோ செப்டம்பர் 25 அன்று கூட்டரசு அனுப்பிய ராணுவத்தின் காவலுடன் உள்ளே சென்றும், 1958-59இல் நகரின் உயர்நிலைப்பள்ளிகள் மூடப்பட்டதால் அங்கே படிப்பை முடிக்க இயலவில்லை.

தொடக்க வகுப்புகளுக்கு ரூபியே பொருத்தம். மாநில அரசுக்கும் கூட்டரசுக்கும் இடையிலான அதிகார மோதலையும் விவாதிக்கக்கூடிய மேல்வகுப்புகளுக்கு எலிசபெத்தின் வாழ்க்கையையே நான் தேர்வேன்.