சபை இணையதளத்துக்கு வேர்ட்பிரஸ்: மூன்று வருடம் பார்த்தபின்

போதகர் என்னிடம் கேட்டது ஒரு சின்ன உதவி. "ஆராதனை நேரத்தை மட்டும் மாத்தித் தர முடியுமா தம்பி?" பழைய தளத்தைத் திறந்தால் முந்தின போதகரின் படம், இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரல். அதைச் செய்துகொடுத்த இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் கையால் கணினி நிரல் எழுதி, அழகாகத்தான் செய்திருந்தார். ஆனால் ஒரு நேரத்தை மாற்றக்கூட அவரே வர வேண்டும். புதிதாகவே செய்துவிடலாம் என்று முடிவானபோது என் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு நானும் போய்விட்டால்?

வேர்ட்பிரஸை எடுத்தது அதற்காகத்தான். பிழைப்புக்காக நான் வேலை பார்க்கும் கருவிகள் இதைவிட நேர்த்தியானவை. சபைக்கு அவை வேண்டாம். இது நிரல் எழுதாமலே இணையதளம் செய்யவும் மாற்றவும் உதவும் கருவி, 2003-இல் வெளிவந்தது. திறமூல மென்பொருள், இலவசம். தளத்தை வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங் சேவை பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம். எனக்குப் பின்னால் வருகிறவரும் எங்காவது இதில் கை வைத்திருப்பார். ஒரு குழப்பத்தை மட்டும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது நாமே நிறுவிக்கொள்ளும் மென்பொருள். டாட் காம் என்பது அதே மென்பொருளை வைத்து நடத்தும் ஹோஸ்டிங் சேவை. எங்கள் கமிட்டியில் ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் விவாதித்தோம்.

சபை மாதிரியான இடத்துக்கு இதில் உள்ள பெரிய வசதி, ஆளுக்குத் தகுந்த அதிகாரம் கொடுப்பது. 'எடிட்டர்' என்ற பொறுப்பில் இருப்பவர் பக்கங்களையும் பதிவுகளையும் மாற்றலாம். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்', கூடுதல் வசதி சேர்க்கும் 'பிளகின்' இரண்டையும் தொட முடியாது. நான் முதலில் மரியாதை கருதி எல்லோரையும் நிர்வாகி ஆக்கினேன். இரண்டு வாரத்தில் பதினொரு பிளகின்கள் ஏறிவிட்டன, அவற்றில் மூன்று திரையில் பனி கொட்டுபவை. இப்போது நிர்வாகிகள் இரண்டே பேர். செயலர் ஐயா எடிட்டர். அவருக்கு வருத்தம் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து போன். "தம்பி, முகப்புப் பக்கத்தையே காணோம்." எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்து, சேமித்தும் விட்டார். வேர்ட்பிரஸ் பக்கத்தின் பழைய வடிவங்களைத் தானே வைத்திருக்கும். முந்தின வடிவத்தை ஒரு சொடுக்கில் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த இரவுக்குப் பிறகு இந்த மென்பொருளின் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. பக்கத்தை 'பிளாக்' என்ற துண்டுகளாக அடுக்கும் பிளாக் எடிட்டர் 2018 டிசம்பரில் வந்தது, அதை அப்போது நானும் திட்டியவன்தான். ஆனால் ஆராதனை நேரங்களை ஒரே ஒரு பிளாக்காகச் செய்து நான்கு பக்கங்களில் வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் மாற்றினால் நான்கிலும் மாறுகிறது. போனில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றினாலும் 2560 பிக்சலுக்கு மேல் போகாமல் அதுவே சுருக்கிக்கொள்கிறது. யூடியூப் லிங்க்கை ஒட்டினால் காணொளியே வந்து உட்கார்ந்துவிடும்.

தமிழ் என்று வரும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பல தீம்களின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. அப்போது கணினியோ போனோ தன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்; ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்ற எழுத்துருவை ஏற்றி, வரி இடைவெளியைக் கூட்டிய பிறகுதான் பக்கம் மூச்சுவிட்டது. சபை வரலாற்றுக் கட்டுரை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்டிருந்தது. அதை ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வந்தது, புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. இப்போது எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பிழைதிருத்தம் பார்க்க ஒரு முழு ஞாயிறு மதியம் போனது. இந்த வேலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முகவரிச் சிக்கல் இன்னொன்று. தலைப்பைத் தமிழில் வைத்தால் அதிலிருந்தே பக்கத்தின் முகவரியை உருவாக்கிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். முகவரியில் பக்கத்தின் பெயருக்கு உள்ள இடமோ 200 எழுத்து. ஆக இருபத்திரண்டு குறியீட்டுக்குமேல் ஏறாது, 'சபை' என்ற சொல்லுக்கே மூன்று குறியீடு (ச, ப, ஐகாரக் குறி) ஆகிறது. மீதி வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏதோ வைரஸ் லிங்க் என்று மூப்பர் ஒருவர் பயந்து திறக்கவே இல்லை. அதிலிருந்து முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நானே எழுதிவிடுகிறேன்.

என்னைச் சங்கடப்படுத்திய விஷயம் படம். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் குழுப்படத்தைப் போட்டேன். ஒரு தாய் எடுக்கச் சொன்னார், நியாயம்தான். பதிவிலிருந்து நீக்கிவிட்டு முடிந்தது என்று இருந்தேன். படத்தின் நேரடி லிங்க்கை யாரோ பகிர்ந்திருந்தார்கள், அது திறந்துகொண்டே இருந்தது. பதிவிலிருந்து எடுத்தாலும் கோப்பு மீடியா நூலகத்தில் இருக்கும். அங்கே போய் தனியாக அழிக்க வேண்டும். தொழிலே இதுதான் என்றாலும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. இப்போது பெற்றோர் கையெழுத்து இல்லாமல் குழந்தைகள் படம் கிடையாது. ஜெப விண்ணப்பப் படிவத்திலும் இதே கவனம் வேண்டும். யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் என்ன சண்டை என்றெல்லாம் எழுதுவார்கள். படிவ பிளகின் அவற்றைத் தரவுதளத்தில் சேர்த்துவைத்துக்கொண்டே போயிற்று. அந்த வசதியை அணைத்து, போதகரின் மின்னஞ்சலுக்கு மட்டும் போகும்படி செய்தேன்.

அப்புறம் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். இது வேர்ட்பிரஸின் குற்றமே இல்லை, முழுக்க என்னுடையது. அவசரத்தில் என் பெயரில், என் அலுவலக மின்னஞ்சலில் பதிந்துவிட்டேன். வேலை மாறினேன். டாட் காம் என்று முடிவது போன்ற பெயர்களுக்குக் காலாவதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், தீர்ந்தபின் ஐந்து நாளுக்குள்ளும் பெயரைப் பதிந்துகொடுத்த நிறுவனமான பதிவாளர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மூன்றும் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போயின. புனித வெள்ளிக்கு முந்தின நாள் தளம் இல்லை. பெயர் இன்னும் கைவிட்டுப் போகாததால் புதுப்பித்துவிட முடிந்தது, ஆனால் அந்த ஒரு நாள் போதகரின் முகத்தை நான் பார்க்கவில்லை. இப்போது அது சபையின் பெயரில், சபையின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது. தேதி பொருளாளரின் நாட்காட்டியில்.

சபைக்காகத் தன்னார்வமாகத் தளம் செய்கிறவர்களுக்கு வேர்ட்பிரஸை எடுக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: மாதத்துக்கு ஒரு மணி நேரம் புதுப்பிப்புக்கும் பேக்கப்புக்கும் ஒதுக்க ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாத சபைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். நேரம், இடம், தொலைபேசி எண்.

டிசம்பர் நெருங்குகிறது. செயலர் ஐயா நேற்று மெதுவாகக் கேட்டார், "அந்தப் பனி மட்டும் ஒரு வாரம் விழட்டுமே தம்பி?" சரி, ஒரு பிளகின், ஒரு வாரம், நானே ஏற்றி நானே எடுப்பேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன்.