கொழும்பில் கம்பனி பதிந்து தரும் சேவை: கிளிநொச்சியில் இருந்து போய் நாங்கள் கண்டது

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கம்பனிப் பதிவும் வங்கிக் கணக்கும் மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன், காணி விஷயத்தில் எங்களை இரண்டு மாதம் அலைய வைத்ததற்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். அவர்களின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் இதே வேலையைச் செய்பவர்கள் பல பேர், எங்களுக்கு நடந்தது அவர்களில் யாரிடம் போனாலும் நடக்கக்கூடியது, அதனால் யாரிடம் போவது என்பதைவிட, போகும் முன் எதைக் கேட்டுத் தெளிவது என்பதுதான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் கதை. நான் வட்டக்கச்சியில் முருங்கையிலை காயவைத்துத் தூளாக்கி விற்கிறேன், என்னோடு எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அத்தான் ரொறன்ரோவில் இருக்கிறார், அவரும் இந்த ஊர்க்காரர்தான், தொண்ணூறுகளில் போனவர். அங்கே ஒரு கடைக்காரர் எங்கள் தூளை எடுத்துப் பார்த்துவிட்டு மாதாமாதம் பெரிய அளவில் கேட்க, உலர்த்தும் இயந்திரம், பொதி செய்யும் இயந்திரம், ஒரு நல்ல கட்டடம் எல்லாம் தேவைப்பட்டது. அத்தான் காசு போடத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: "சும்மா அனுப்பிற காசா வேண்டாம் தம்பி, கம்பனியா வைச்சுச் செய்வம், நாளைக்கு என்ர பிள்ளையளுக்கும் ஒரு கணக்கு வழக்கு இருக்கோணும்." வெளிநாட்டில் இருந்து எங்கள் பக்கம் வரும் காசில் பெரும்பகுதி கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போய்விடுகிறது, ஒரு தொழிலுக்கு முறையாக வருவது குறைவு, அதனால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தச் சேவைக்கு 85,000 ரூபாய் கட்டினோம். அதில் கம்பனிப் பெயருக்கு அனுமதி எடுப்பது, பதிவாளர் திணைக்களத்துக்கான ஒன்லைன் படிவங்கள், சட்டப்படி கம்பனியின் பதிவேடுகளையும் படிவங்களையும் பார்க்கும் கம்பனிச் செயலாளர் ஒரு வருடத்துக்கு, வெளிநாட்டுக் காசை உள்ளே கொண்டுவரும் முதலீட்டுக் கணக்கு, கடைசியாக அரசின் முதலீட்டுச் சபையில் ஒரு சந்திப்பு, இவ்வளவும் அடக்கம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, இவற்றை நாமே ஒன்லைனில் நிரப்பலாம், கஷ்டமில்லை. ஆனால் செயலாளர் இல்லாமல் கம்பனி இல்லை, எங்கள் பக்கம் அந்த வேலைக்குத் தகுதியான ஆளைப் பிடிப்பது பெரும்பாடு. அதற்காகவே இந்தக் காசைக் கொடுக்கலாம். ஆறு வேலைநாளில் பதிவுச் சான்றிதழ் கையில் வந்தது, சொன்ன நாளில் சொன்னதைச் செய்தார்கள், அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் வந்தபோதுதான் கொழும்பு வேலைகளை வைத்துக்கொண்டோம். அந்த ஒரு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கம்பனிகள் ஏன் கொழும்பையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துப் புரிந்தது. காலை ஒன்பதரைக்குக் கோட்டையில் வங்கி. அங்கே கையெழுத்து முடிந்ததும் நடந்தே உலக வர்த்தக மையத்துக்குப் போனோம், முதலீட்டுச் சபை அங்கேதான் இருக்கிறது, பங்குச் சந்தையும் அதே கட்டடத்தில்தான். மத்திய வங்கி பக்கத்தில். எங்களோடு வந்த, இந்தச் சேவை அலுவலகத்துப் பையன் ஹட்டன்காரர், நல்ல பிள்ளை, மேலே ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நவம் மாவத்தைக்கு ஓட்டோவில் போய் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு பற்றிக் கேட்டோம். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் தூளின் ஒரு மாதிரிப் பொதியைப் பரிசோதனைக்கு அனுப்ப நான் பட்ட பாட்டை அந்த நேரத்தில் நினைத்தேன், பஸ்ஸில் பார்சல் போட்டு, போன் எடுத்து, படிவத்தில் ஒரு பெட்டி நிரப்பாமல் விட்டதால் திரும்பவும் அனுப்பி, ஒரு அறிக்கைக்கு ஒன்றரை மாதம்.

முதலீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குவது, எல்லாம் இப்படிக் கிட்டக்கிட்ட இருப்பதைத்தான். வரிச்சலுகை என்று எல்லோரும் பேசுகிறார்கள், அதுவும் உண்டுதான், 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் 40 வருடம் வரை வரிவிலக்குக் கொடுக்க இடம் வைத்திருந்தார்கள், கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் எடுத்து அதற்கென்று தனி ஆணைக்குழுவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு முதலீட்டுச் சபையின் காத்திருக்கும் அறையில் எங்களோடு இருந்த இரண்டு வெளிநாட்டுக்காரரும் அத்தானும் பேசிக்கொண்டதில் வரி என்ற சொல்லே கடைசியில்தான் வந்தது. கப்பல் எத்தனை நாளுக்கு ஒருமுறை, இலாபத்தைத் திரும்ப அனுப்பலாமா, பிணக்கு வந்தால் எந்த நீதிமன்றம், கணக்காளர் கிடைப்பாரா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே, இவைதான் முன்னுக்கு நின்றன.

ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் பதில் இருக்கிறது. கப்பல் என்றால், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெரிய கடல்வழி இலங்கையின் தெற்கால்தான் போகிறது, 2013இல் சீனக் கம்பனியின் தெற்கு முனையம் திறந்ததில் இருந்து உலகத்தின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள்கூட கொழும்புக்குள் வந்து போகின்றன. அங்கே கையாளப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் மாற்றி ஏற்றப்படுபவை, நம் நாட்டுச் சரக்கு சிறிய பங்குதான். அப்படிக் கப்பல் அடிக்கடி வருவதால் எங்களைப் போன்ற சிறியவர்களின் ஒரு பெட்டிக்கும் இடம் கிடைக்கிறது. நீதிமன்றம் என்றால் வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் மட்டும்தான். விமானம் என்றால் 2013இல் திறந்த அதிவேகப் பாதையால் கட்டுநாயக்கா அரை மணித்தியாலச் சமாசாரம். 1978இல் கட்டுநாயக்காவில் முதல் ஏற்றுமதி வலயத்தைத் தொடங்கிய காலத்தில் இருந்தே ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து வந்தது இது. வங்கி இருப்பதால் கம்பனி வருகிறது, கம்பனி இருப்பதால் சட்டத்தரணி வருகிறார், அவர் இருப்பதால் அடுத்த கம்பனி வருகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நாற்பது வீதத்துக்கும் அதிகமாகக் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் நடக்கிறது என்றால் அதற்குக் காரணம் அங்குள்ள ஆட்களின் கெட்டித்தனம் மட்டும் இல்லை.

சரி, சேவைக்குத் திரும்புகிறேன். வெளிநாட்டுக் காசுக்கான கணக்கை அவர்கள் நன்றாகச் செய்து கொடுத்தார்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் உள்வரும் முதலீட்டுக் கணக்கு அது. அதன் வழியாக வந்த காசுக்குத்தான் பின்னர் இலாபத்தையோ பங்கு விற்ற பணத்தையோ தடையில்லாமல் திரும்பக் கொண்டுபோகும் உரிமை சுலபமாக நிற்கும். இதை ஊரில் பலர் அறியாமல் சாதாரணக் கணக்குக்குக் காசை அனுப்பிவிட்டு, பிறகு இது முதலீடு என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். அத்தானின் காசை அனுப்பும் முன்பே இதை விளக்கிச் சொன்னதற்கு அவர்களுக்கு என் நன்றி.

இனிப் பிழை. எங்களிடம் 85,000 ரூபாயை வாங்கும்போது ஒருவராவது "கட்டடம் எந்தக் காணியில் வரப்போகிறது" என்று கேட்கவில்லை. பதிவு செய்த கம்பனியில் அத்தானுக்கு 60 வீதம், எனக்கு 40 என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அத்தான் கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கோ, பங்கில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் உள்ள கம்பனிக்கோ காணியை எழுதிக் கொடுக்க முடியாது, அதிகபட்சம் 99 வருடக் குத்தகைதான். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தடை இல்லை. அந்தச் சட்டத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு, முழுக் காசும் வெளிநாட்டில் இருந்து வந்தால், விலக்கு வைத்திருக்கிறார்கள். கொழும்பில் அலுவலகமும் அடுக்குமாடியும் எடுப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, ஆகவே கொழும்பை மட்டும் பார்த்து வேலை செய்பவர்களுக்கு அந்தக் கேள்வி மனதில் வருவதும் இல்லை. எங்கள் தொழிலுக்கு நிலம் இல்லாமல் முடியாது.

இன்னொன்றும் இருந்தது, அதைக் கண்டுபிடித்தது அந்த ஹட்டன் பையன்தான். தேநீர் குடிக்கும்போது சும்மா கேட்பதுபோல், "அண்ணே, உங்க காணி பெர்மிட்டா, உறுதியா?" என்று கேட்டார். எங்களுடையது பெர்மிட் காணி, சொந்தம் என்று எழுதிய உறுதிப் பத்திரம் இல்லை. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளில் பெரும்பாலானவை அப்படித்தான், தாத்தாமார் காட்டை வெட்டித் திருத்தி மூன்று தலைமுறை உழுதிருந்தாலும் கையில் இருப்பது அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம். பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் அதைக் குத்தகைக்கு விடவோ அடகு வைக்கவோ முடியாது. வங்கிக்காரரும் அதைப் பிணையாக எடுக்க யோசிப்பார்கள். அத்தான் அன்றைக்கு இரவு முழுக்க ஒன்றும் பேசவில்லை. தன் அப்பா கிணறு வெட்டிய காணியில் தன் காசால் ஒரு கட்டடம் கட்ட முடியாது என்பதை ஒரு அலுவலகத்தில் இருந்து கேட்பது லேசான விஷயம் இல்லை.

அதன் பிறகு பங்கை அத்தானுக்கு 49, எனக்கு 51 என்று மாற்றி எழுதி, அதற்குத் தனியாக 15,000 ரூபாய் கட்டி, உறுதிக் காணி ஒன்றைத் தேடி அலைந்ததில் இரண்டு மாதம் போனது. அவர்கள் செய்த பிழைக்கு நாங்கள் கட்டிய காசு அது, அதைத் திருப்பித் தரவில்லை. இன்னும் ஒரு குறை, கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் வந்தன. அந்தப் பையன் இல்லாத நாட்களில் நான் ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கொண்டு போய் வாசித்தேன். வடக்கில் இருந்து இவ்வளவு பேர் காசு கட்டுகிறோம், தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவது பெரிய செலவு இல்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கிறது. பூநகரியிலும் மன்னாரிலும் 484 மெகாவாட் காற்றாலை போட இருந்த இந்தியாவின் அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது, அதே குழுமம் பங்கெடுத்த கொழும்பு மேற்கு முனையம் அதே வருடம் ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. மன்னார்ச் சனங்களின் எதிர்ப்பை நான் குறை சொல்லவில்லை, அவர்களுடைய நிலத்தையும் பறவைகளையும் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் காணி, விலை, அனுமதி மூன்றும் காசு வருவதற்கு முன்பே தெளிவாக இருக்கும் இடத்தில் முதலீடு நிற்கும் என்பது அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

வன்னிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு காலத்தில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது, பக்கத்தில் ஆனையிறவு உப்பு, அதை வைத்து அங்கே கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்றைக்கு எம்.ஏ.எஸ். ஆடைத் தொழிற்சாலை ஓடுகிறது, பக்கத்திலேயே பொறியியல் பீடம். வவுனியாவில் இத்தாலியக் கம்பனியின் ஆடைத் தொழிற்சாலையில் எங்கள் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஏ9 வீதி நல்ல வீதி, 2013இல் கிளிநொச்சிக்கு ரயிலும் திரும்பி வந்தது. மாங்குளத்திலும் பரந்தனிலும் தொழிற்பேட்டை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அங்கே காணியை முதலிலேயே சுத்தமான பத்திரத்தோடு பிரித்து வைத்து, முதலீட்டுச் சபையின் ஒரு மேசையையும் வங்கியின் ஒரு மேசையையும் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் ஒருவரையும் ஒரே கட்டடத்தில் இருத்தினால், கொழும்பில் நாங்கள் நடந்து முடித்த அந்த ஒரு நாளை இங்கேயும் கொடுக்கலாம். கப்பலைக் கொண்டுவர முடியாது, மேசையைக் கொண்டுவரலாம்.

யார் இந்தச் சேவையை எடுக்கலாம்? கணினி வேலை, ஏற்றுமதி அலுவலகம், ஆலோசனை போன்று நிலம் தேவைப்படாத தொழில் என்றால் தயங்காமல் எடுங்கள். பண்ணையோ ஆலையோ என்றால், காசு கட்டும் முன் காணியின் பத்திரத்தையும் காசு போடுபவரின் குடியுரிமையையும் மேசையில் வைத்துவிட்டு, பங்கை எப்படிப் பிரிப்பது என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக்கூடியவர் என்றால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள், அத்தான் இப்போதுதான் படிவம் நிரப்புகிறார். செயலாளருக்கு இரண்டாம் வருடத்தில் இருந்து எவ்வளவு என்பதையும் கேளுங்கள், எங்களுக்கு அதைச் சொல்லவில்லை, 36,000 ரூபாய் வந்தது.

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பில் இறங்கலாம். திங்கட்கிழமை வேண்டாம், வங்கியில் சனம் கூட. செவ்வாய் அல்லது புதன் போங்கள், போகும் முன் போன் எடுத்துத் தமிழ் பேசும் பிள்ளை அன்றைக்கு வேலைக்கு வருவாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.