டீன்ஏஜ் பிள்ளைகளுக்கான ‘ஸ்பைன் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனை: ஊசிக்கு முழு மார்க், ரிப்போர்ட்டுக்கு ஃபெயில்

வாங்கியது என் மகன். போனில் விளம்பரம் வந்திருக்கிறது. முதுகுத்தண்டு வளைவு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம், வளைவு கூடுமா அப்படியே நிற்குமா என்று ரத்தத்தில் உள்ள புரோட்டீன்களை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். விலை ஆறாயிரத்துச் சொச்சம். லேபின் பெயரை எழுதப் போவதில்லை. நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன், அயனாவரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பேத்திக்கு வயது 13. யூனிஃபார்ம் அளவெடுத்த டெய்லர் அம்மாதான் ஒரு தோள் இறங்கியிருப்பதை முதலில் சொன்னார். எலும்பு டாக்டர் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார், நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வளைவு 22 டிகிரி. 10 டிகிரியைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ் என்று பெயர் வைத்துவிடுவார்கள். வளர்கிற பிள்ளைக்கு 25-ஐத் தாண்டினால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் கவசப் பட்டை, பேச்சு வரும், 45, 50 என்று போனால் ஆபரேஷன் பேச்சு. இவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அந்த ஆறு மாதம்தான் இந்த லேபுக்கு மூலதனம். "சும்மா உக்காந்து பாத்துட்டு இருக்கச் சொல்றாரே மாமா, ஏதாவது செய்ய வேணாமா?" என்று மருமகள் கேட்டாள். பெற்றவள் மனசு அப்படித்தான் கேட்கும். அந்த நேரத்தில் விளம்பரம் கண்ணில் பட்டால் யாரும் பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கை பழுத்த கை. பேத்திக்கு நரம்பு மெலிசு. ஊசியை எடுப்பதற்கு முன்பே பெயரையும் வயதையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்துச் சீட்டோடு சரிபார்த்தார். கையில் கட்டிய பட்டையை ரத்தம் வர ஆரம்பித்ததும் தளர்த்திவிட்டார். மஞ்சள் மூடி டியூப் முதலில், வயலட் மூடி டியூப் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலட் டியூப்புக்குள் ஈ.டி.டி.ஏ. என்கிற மருந்து இருக்கும். அது துளி அளவு அடுத்த டியூப்புக்குப் போனாலும் கால்சியம் குறைவாகக் காட்டும், அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்கிற என்சைம் குறைவாகக் காட்டும், பொட்டாசியம் எகிறும். டியூப்பைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டி எடுத்தார். லேபிளை நோயாளி முன்னாலேயே ஒட்டினார். "சார் ஃபீல்டா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஆனால் அவர் வந்தது பத்து மணிக்கு. புக் செய்தது ஏழு மணி ஸ்லாட். வியாசர்பாடியில் ஆரம்பித்து இத்தனை வீடு ஏறி இறங்கி வருகிறேன் என்றார், ரூட் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். பேத்தி இட்லி சாப்பிட்டு முடித்திருந்தாள். ஆப்பிலேயே ‘வெறும் வயிறு தேவையில்லை’ என்று போட்டிருந்ததால் மருமகளைக் குறை சொல்ல முடியாது. பேக்கேஜில் சி.டி.எக்ஸ். என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. எலும்பு கரையும்போது ரத்தத்தில் கலக்கிற கொலாஜன் துணுக்கு அது. விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்தால்தான் அடுத்த முறை எடுப்பதோடு ஒப்பிட முடியும். இட்லிக்குப் பிறகு எடுத்த சி.டி.எக்ஸ். எனக்கு வெறும் எண்தான்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது, பன்னிரண்டு பக்கம், வழவழ பி.டி.எஃப். இரண்டாவது பக்கத்திலேயே அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் 298 என்று சிவப்பில், பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. நார்மல் என்று கொடுத்திருந்தது 40 முதல் 129 வரை. மருமகளுக்கு முகம் செத்துவிட்டது. அந்த அளவு பெரியவர்களுக்கு உரியது. 13 வயதில் எலும்பு கிடுகிடுவென்று வளரும்போது இந்த என்சைம் பெரியவர்களைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருப்பது சகஜம். இந்த வயதில் அது ஏறாமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன். டீன்ஏஜ் பிள்ளைகளுக்கென்றே விற்கிற பேக்கேஜில் டீன்ஏஜ் ரேஞ்ச் போடத் தெரியவில்லை! சி.டி.எக்ஸுக்கும் அதே கூத்துதான். எங்கள் காலத்தில் குழந்தை சாம்பிளுக்குப் பெரியவர் ரேஞ்சோடு ரிப்போர்ட் போனால் சீஃப் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிடுவார்.

அடுத்ததுதான் விளம்பரத்தின் கதாநாயகன், கோம்ப். குருத்தெலும்பில் இருக்கிற ஒரு புரோட்டீன். இவளுக்கு அது குறைவாம், ஆகவே ‘வளைவு கூடும் அபாயம்: அதிகம்’ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீட்டர் வரைந்திருக்கிறார்கள். ஆட்டோ மீட்டரே தேவலாம். ஸ்வீடனில் செய்த ஆய்வில், முதுகு வளைவு உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் கோம்ப் மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியில் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் அது கூட்டத்துக்குக் கூட்டம் பார்த்த சராசரி. அதை வைத்து ஒரு பிள்ளைக்கு ஜாதகம் எழுத முடியாது. அதோடு, இவளுக்கு வளைவு இருக்கிறதா என்று யார் கேட்டது? அது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. கூடுமா என்பதுதான் கேள்வி, அது வேறு கேள்வி. ஓடி ஆடி முடித்த கையோடு எடுத்தால் இதே கோம்ப் ஏறும், வளைவு ஏறியிருக்காது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்ததைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஆராய்ச்சியைக் கேவலமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த கதையே இதில் ஒன்று உண்டு. கோழிக்குஞ்சின் மூளையில் இருக்கிற பீனியல் சுரப்பியை எடுத்துவிட்டால் அதன் முதுகு வளைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சுரப்பிதான் மெலடோனின் சுரப்பது, அப்படியானால் பிள்ளைகளின் ரத்தத்தில் மெலடோனினைப் பார்ப்போம் என்று பார்த்தார்கள். ஒரு குழுவின் ஆய்வில் குறைவாக வந்தது, இன்னொரு குழுவின் ஆய்வில் வித்தியாசமே இல்லை. கனடாவில் மான்ட்ரியல் குழு ஆஸ்டியோபாண்டின் என்கிற புரோட்டீன் ரத்தத்தில் கூடுகிறது என்றது, அதுவும் இன்னும் டாக்டர் மேஜைக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் ஸ்கோலிஸ்கோர் என்று எச்சிலில் 53 மரபணுக் குறிகளைப் பார்த்து 1 முதல் 200 வரை மார்க் போடும் டெஸ்டையே விற்றார்கள். பிறகு ஜப்பானியப் பிள்ளைகளிடமும் பிரெஞ்சு கனடியப் பிள்ளைகளிடமும் சோதித்தபோது அந்தக் குறிகள் கைகொடுக்கவில்லை. இவர்கள் எல்லாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற பதிலை நம் லேப் ஆரஞ்சு மீட்டரில் கொடுத்துவிட்டது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, பதிமூணு வயசுப் பொண்ணுக்கு எதுக்கு நாற்பது வயசு ரேஞ்ச் போட்டிருக்கீங்க?"

"சார், அது சிஸ்டம் ஜெனரேட்டட் சார்."

"சிஸ்டத்துக்கு வயசு தெரியும்ல? சீட்டுல போட்டிருக்கே."

"டாக்டர் கால் பேக் பண்ணுவாங்க சார்."

இன்றுவரை அந்த டாக்டர் பேசவில்லை.

எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டி ஒரே ஒரு வரியில் நின்றார். வைட்டமின் டி, 14. இருபதுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. அக்னி நட்சத்திர வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படி! ஆனால் ஸ்கூல், டியூஷன், வீடு என்று நிழலிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் கதி. வாரத்துக்கு ஒரு பாக்கெட் எழுதிக் கொடுத்தார். எலும்புக்கு நல்லது, அதனால் வளைவு நிமிராது என்றும் சேர்த்தே சொன்னார். இந்த ஒரு டெஸ்டை மட்டும் தனியாக எடுத்திருந்தால் இந்தப் பணத்தில் சின்னப் பங்குதான் ஆகியிருக்கும்.

வளைவு கூடுமா என்று கணிக்க அவர் பார்த்தது வயசு, பெரிய மனுஷி ஆகிவிட்டாளா, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி, இப்போது எத்தனை டிகிரி, இவ்வளவுதான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இருக்கிற வளர்ச்சிக் குருத்து எவ்வளவு எலும்பாகி மூடியிருக்கிறது என்பதை ரிஸ்ஸர் என்று 0 முதல் 5 வரை எண்ணுவார்கள். அது அதே எக்ஸ்ரேயில் தெரியும், தனியாகக் காசு கிடையாது. டிகிரி அளப்பதிலேயே ஐந்து வரை முன்னே பின்னே வரலாம், அதனால் அடுத்த முறை 24 என்று வந்தால் பதறாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆறாயிரத்தைக் கையில் வைத்திருந்தால் பின்னால் பிரேஸுக்கு ஆகும். பிரேஸுக்குப் பலன் உண்டு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது, போடாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது, பிரேஸ் என்று பேச்சு வந்தால் தனியாரிடம் ஓடுவதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார் போட்டிருக்கிறேன், இரண்டும் ஊசி போட்ட பெண்ணின் கணக்கில். பணத்தைத் திருப்பிக் கேட்டு மகன் மெயில் போட்டான். பதிலுக்கு எனக்கு சீனியர் சிட்டிசன் முழு உடல் பரிசோதனைக்கு முப்பது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்திருக்கிறது. மாதக் கடைசி வரை செல்லுமாம். வேண்டும் என்கிறவர்கள் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.