டிராக் டேக்கு வண்டி ரெடி பண்ண பாண்டி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்: போலாமா, வேணாமா?

கடலூர்ல இருந்து பாண்டி போற ரோட்ல, கிருமாம்பாக்கம் தாண்டி உள்ள திரும்புற ஒரு தெருவுல இருக்கு இந்த ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது, ஷட்டர்ல வெளுத்துப்போன ஆயில் ஸ்டிக்கர் ஒண்ணு, அவ்ளோதான் அடையாளம். பேரு போடாத தம்பி, இருக்குற வேலையே தேங்கி நிக்குதுன்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு, அதனால போடல. நம்ம பக்கம் யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி பைக் வெச்சிருக்கறவங்க யாரையாவது கேட்டீங்கன்னா லொகேஷன் அனுப்பிடுவாங்க.

என் வண்டி அபாச்சி ஆர்ஆர் 310, பிஎஸ்6 மாடல். இருங்காட்டுக்கோட்டைல டிராக் டேக்கு பணம் கட்டியாச்சு, அதாவது ரேஸ் டிராக்ல நம்ம சொந்த வண்டியை செஷன் செஷனா ஓட்டுற நாள், இதான் முதல் தடவை. அந்த டிராக் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம், 1990ல ஆரம்பிச்சது, ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர், 12 டர்ன். நம்ம ஈசிஆர்ல 120ல போறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஏன்னா ரோட்ல ஒரு நாள் முழுக்க பிடிக்கிற பிரேக்கை அங்க ஒரே செஷன்ல பிடிச்சிடுவோம்.

நான் போனப்ப எனக்கு முன்னாடி ஒரு பையன் நின்னுட்டு இருந்தான். அவனும் டிராக் டே தான், எக்ஸாஸ்ட் மாத்தணும், ஏர் ஃபில்டர் மாத்தணும், ஈசியூ ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங் மாத்துறது) பண்ணணும்னு லிஸ்ட் படிச்சான். அண்ணன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "இன்னா தம்பி, ஓடறதுக்கே செலவு சொல்றியே, நிக்கறதுக்கு ஒண்ணும் சொல்லலியே"ன்னாரு. அந்த லிஸ்ட்டுக்கு அவனை ஒரு பைசா செலவு பண்ண விடாம, பிரேக் ஆயிலும் பேடும் மட்டும் மாத்திக்கோன்னு அனுப்பினாரு. வர்ற காசை வேணாம்னு சொல்ற மெக்கானிக்கை நம்ம ஊர்ல நான் அதிகம் பாத்ததில்ல, அப்பவே சரி இங்கயே விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

வேலைன்னு பாத்தா முக்கால்வாசி நேரம் பிரேக்குக்கு தான் போச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், நம்மளோடது கடலோர ஊரு, காத்து எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாது, ஈரம் ஏறிடுச்சுன்னா அந்த கணக்கு 155க்கு இறங்கிடும். டிராக்ல திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்) சூடாகி உள்ள ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா லீவர் அப்படியே பொசுக்குன்னு ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடும், பிரேக் இருக்கவே இருக்காது. என் வண்டில இருந்து அவர் இறக்கின ஆயில் நல்லா கொதிச்ச டிக்காஷன் கலர்ல இருந்துச்சு, இத்தனைக்கும் ரெகுலர் சர்வீஸ்ல இருக்குற வண்டி தான். அதுக்கு பதிலா மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊத்தினாரு, புதுசுல 312 டிகிரி தாங்குறது. டப்பாவை என் கண்ணு முன்னாடி தான் சீல் உடைச்சாரு, மீதியை எடுத்து வெக்கல, திறந்த டப்பாவை அடுத்த வண்டிக்கு ஊத்த மாட்டாராம்.

ப்ளீட் பண்றதை, அதாவது பிரேக் லைன்ல இருக்குற காத்தை வெளிய எடுக்குறதை, பக்கத்துல உக்காந்து பாத்தேன். காலிப்பர்ல இருக்குற நிப்பிள்ல டிரான்ஸ்பரன்ட் டியூப் சொருகி, கீழ பாட்டில்ல கொஞ்சம் புது ஆயில் ஊத்தி டியூப் முனையை அதுக்குள்ள முக்கி வெச்சு, லீவரை மெதுவா அழுத்தி நிப்பிளைத் திறந்து, மூடினதுக்கு அப்புறம் தான் லீவரை விடறாரு. குட்டி குட்டி குமிழ் டியூப்ல ஏறி வர்றது நிக்கிற வரைக்கும் இதே வேலை, நடுவுல மேல ரிசர்வாயர் காலியாகாம பாத்துக்க ஒரு பையன். முடிஞ்சதும் லீவரை அழுத்தி கேபிள் டை போட்டு கட்டி ராத்திரி முழுக்க அப்படியே விட்டாரு, காலைல லீவர் கல்லு மாதிரி நின்னுச்சு. பேட் பாதிக்கு மேல இருந்தும் மாத்த சொன்னாரு, பழசை கவர்ல போட்டு கையில குடுத்தாரு, ரோட்டுக்கு திரும்ப போட்டுக்கலாம்னு.

அடுத்து டயர். எனக்கு ஸ்டாக்கா வந்த மிச்சலின் ரோடு 5 தான். நேரா நேரா ஈசிஆர்லயே ஓட்டி ஓட்டி நடுவுல மட்டும் தேஞ்சு தட்டையாகியிருந்துச்சு, ஓரத்துல புது டயர்ல இருக்குற ரப்பர் முடி கூட போகல, நம்ம பக்கம் பாதி வண்டிங்க இப்படித்தான் இருக்கும். இப்படி சதுரமான டயர் சாய்க்கும்போது ஓரத்துல டபக்குன்னு விழும், டிராக்ல அது பயமுறுத்தும், அதனால பின் டயர் மட்டும் புதுசு. வாங்கும்போது சைடுல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, 2324ன்னு இருந்தா 2024ல 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம், கடைக்காரர் வாயால சொல்றதை நம்பாம அதைப் பாருங்க. புது டயரை நேரா டிராக்குக்கு கொண்டு போகாதீங்க, மேல இருக்குற வழவழப்பு போக ரோட்ல கொஞ்சம் ஓட்டணும்.

பிரஷர் பத்தி அண்ணன் சொன்னது எனக்கு ரொம்ப யூஸ் ஆச்சு. காலைல வண்டி ஆறியிருக்கும்போது 30 பிஎஸ்ஐ வெச்சா, டயர் உள்ள காத்து 60 டிகிரிக்கு சூடாகும்போது தானா 34 கிட்ட போயிடும். அதனால ஆறின டயர்ல பாக்குற நம்பரோட விடாம, செஷன் முடிஞ்சு பிட்டுக்குள்ள (டிராக் ஓரமா வண்டி நிறுத்துற இடம்) வந்த உடனே சூட்டோட செக் பண்ணி, ஏறியிருந்தா கொஞ்சம் இறக்குங்கன்னாரு. சொந்தமா ஒரு கேஜ் வாங்கிக்கோங்க, பெட்ரோல் பங்க் கேஜ்ங்க ஒண்ணு சொல்றது இன்னொண்ணு சொல்லாது.

மத்ததெல்லாம் மடமடன்னு முடிச்சாரு: செயின் டைட், முன் வீலைத் தூக்கி ஹேண்டில் திருப்பி பேரிங் எங்கயாவது மாட்டுதான்னு பாத்தது, ஆக்சிலேட்டர் விட்ட உடனே சடக்குன்னு திரும்புதான்னு பாத்தது, இஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட் கழண்டுடாம இருக்க ஓட்டை போட்டு கம்பி கட்டினது. முக்கியமான போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச்ல சரியான அளவுக்கு இறுக்கி மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டுட்டாரு, கோடு விலகினா போல்ட் லூசாகுதுன்னு பாத்த உடனே தெரிஞ்சிடும். உப்புக்காத்துல டிஸ்க் போல்ட்ல லேசா துரு இருந்துச்சு, அதையும் மாத்திட்டாரு. மிரரை கழட்டி, லைட்டு இண்டிகேட்டர் மேல டேப் ஒட்டணும், விழுந்தா சில்லு சிதறக்கூடாது, பின்னாடி வர்றவன் நம்ம பிரேக் லைட்டை பாத்து பிரேக் பிடிக்கவும் கூடாது. பிரவுன் டேப் வேணாம், பெயின்டர் யூஸ் பண்ற பேப்பர் டேப் போடுங்க, பசை ஒட்டாம உரியும்.

வண்டி மட்டும் இல்ல, ஆளையும் ரெடி பண்றேன்னு அண்ணன் பேடாக் ஸ்டாண்ட்ல (வண்டியை நேரா தூக்கி நிறுத்துற ஸ்டாண்ட்) வண்டியை நிறுத்தி என்னை ஏத்தி உக்கார வெச்சாரு. கையை தளர்த்து, முட்டியால டேங்கை இறுக்கு, இப்ப ஹேண்டில்ல இருந்து கையை எடுன்னாரு. எடுத்தா முன்னாடி சாயுறேன், அப்ப உடம்பு வெயிட் முழுக்க கையில தான் இருக்குன்னு அர்த்தமாம். ரெண்டு வாரம் ஸ்குவாட்டும் பிளாங்கும் பண்ணிட்டு வான்னாரு. கொடி பத்தியும் சொன்னாரு, மஞ்சள் காட்டினா ஓவர்டேக் கூடாது, சிவப்பு காட்டினா செஷன் நின்னுடுச்சு மெதுவா பிட்டுக்கு வா, நீலம்னா பின்னாடி வேகமா ஒருத்தன் வர்றான் உன் லைன்லயே போ. இதுக்கெல்லாம் தனியா காசு வாங்கல.

இனி குறை. வாடகைக்கு லெதர் சூட் வெச்சிருக்காங்க, அதை எடுக்காதீங்க. இருந்ததே ரெண்டு சைஸ் தான், ரெண்டும் போன ஆளோட வேர்வை வாசனையோட இருந்துச்சு, எனக்கு முட்டி கார்டு முட்டிலயே நிக்கல, தொடைக்கு ஏறிடுது. விழும்போது கார்டு இடம் மாறுச்சுன்னா அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். நான் சென்னைல வேற இடத்துல போட்டுப் பாத்து எடுத்தேன். டூ பீஸ் எடுத்தீங்கன்னா இடுப்பைச் சுத்தி முழுசா ஜிப் இருக்கணும், பேக் ப்ரொடெக்டர்ல சிஇ லெவல் 2ன்னு (ஐரோப்பிய பாதுகாப்பு தர முத்திரை) போட்டிருக்கான்னு பாருங்க, ஹெல்மெட் ஃபுல் ஃபேஸ், வார் மாட்ட ரெண்டு வளையம் இருக்குற டபுள் டி ரிங் பெஸ்ட்.

இன்னொரு குறை டைம். சனிக்கிழமை தர்றேன்னு சொன்ன வண்டி புதன்கிழமை தான் வந்துச்சு, நடுவுல போன் பண்ணா எடுக்க மாட்டாரு, பையன் எடுத்து அண்ணன் பேங்க் போயிருக்காருன்னு சொல்லுவான், தினமும் பேங்க்ல என்ன வேலையோ. பில்லும் கிடையாது, நோட்டுல கிழிச்ச பேப்பர்ல எழுதி குடுத்தாரு. கணக்கு என்னவோ சரியா இருந்துச்சு, டயர் தவிர எல்லாம் சேத்து 7,000க்குள்ள முடிஞ்சுது.

டிராக்ல எப்படின்னா, கடைசி செஷன் வரைக்கும் லீவர் இம்மி கூட இறங்கல. என் குரூப்ல ஒருத்தருக்கு மதியத்துக்கு அப்புறம் முன் பிரேக் பஞ்சாகி, செஷனை விட்டுட்டு பிட்ல ப்ளீட் பண்ணிட்டு உக்காந்திருந்தாரு. மஞ்சள் கோடு ஒண்ணு கூட விலகல. எனக்கு தான் சாயங்காலம் முன்னங்கை மரத்துப்போச்சு, அந்த வெயில்ல லெதருக்குள்ள வேர்வை ஆறா ஓடுது, வெறும் தண்ணி பத்தாது, ஓஆர்எஸ் கலந்து ஒவ்வொரு செஷனுக்கு நடுவுலயும் குடிங்க, மதியம் பிரியாணி பக்கம் போகாதீங்க.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். நம்ம வண்டி இன்சூரன்ஸ்ல ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங்குக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு பாலிசிலயே போட்டிருக்கும், அதனால டிராக்ல விழுந்தா செலவு நம்மளோடதுன்னு நினைச்சுக்கிட்டே போங்க. விழுந்தா வண்டி ஓட்ட முடியாம போகலாம், அதனால போகும்போது ஓட்டிட்டு போனாலும் திரும்பி வர குட்டி யானை ஒண்ணு சொல்லி வெக்கிறது நல்லது, ரெண்டு மூணு பேர் சேந்தா வாடகை பெருசா தெரியாது, உடம்பு அசந்து போய் திண்டிவனம் ரோட்ல ராத்திரி ஓட்டுற நிலைமைல இருக்க மாட்டீங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு சூட்டுக்கும் போன் எடுக்காததுக்கும். டிராக் டேக்கு குறைஞ்சது மூணு வாரம் முன்னாடியே வண்டியை விட்டுடுங்க, டயர் அளவை முன்கூட்டியே சொல்லிடுங்க, ஸ்டாக் வெச்சிருக்க மாட்டாரு, பாண்டில இருந்து தான் வரணும்.