சேலம்–சென்னை விமானம்: தருமபுரியிலிருந்து போனால் எவ்வளவு நேரம்?

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சைதாப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வழக்கமாக மொரப்பூர் போய் ரயில் பிடிப்போம். இந்த முறை காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து இண்டிகோ விமானத்தில் அழைத்துப் போனேன்.

சேலம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ஓடுவது ஏடிஆர் என்ற புரொப்பல்லர் விமானம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். அரை மணி நேரத்துப் பறப்புதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வருகிறது.

எங்கள் கணக்கு வேறு. பத்தே காலுக்கு தருமபுரி நாலு ரோட்டில் கிளம்பினோம். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக ஊர்ந்து இறங்கியதால் போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது. மதிய விமானம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வந்ததும் மெட்ரோவில் ஏறினோம். சைதாப்பேட்டைக்கு நேர் ரயில், வண்டி மாற வேண்டியதில்லை. அக்கா வீட்டு வாசலை மிதித்தபோது மணி மூன்று. ஆக ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொரப்பூர் வழியாகப் போனால் எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆகும்.

மிச்சம் இரண்டு மணி நேரம்தான். அதற்கு ரயிலைப் போல பல மடங்கு கட்டணம். தனியாகப் போவதென்றால் நான் ரயிலில்தான் போவேன். ஆனால் அம்மாவோடு போகும்போது இது பெரிய வசதி. காமலாபுரம் நிலையம் சின்னது, உள்ளே அதிகம் நடக்க வேண்டாம். சென்ட்ரலில் அந்த நீள நடைமேடையில் அம்மா நாலு இடத்தில் நின்று நின்று வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பதினைந்து கிலோ பெட்டியில் ராகி மாவும் எங்கள் ஊர்ப் புளியும் தாராளமாக அடங்கின.

ஏடிஆரில் இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் தரை மறைக்காமல் தெரிகிறது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அம்மா என் கையை அழுத்தி, “அது சேர்வராயன் மலைதானே? மேலயிருந்து பார்த்தா இவ்வளவு பச்சையா!” என்றார். அப்புறம் சென்னை வரும்வரை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

இது சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உதான் திட்டத்தில் 2018-இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில் திரும்ப வந்த சேவை. மறுபடியும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே நம் ஊர்க்காரர்களிடம் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது சரிப்படாது. காமலாபுரம் வருவதற்குள் ஜோலார்பேட்டை போய் ரயிலில் உட்கார்ந்துவிடலாம்.

வயதானவர்களோடு போனால் கடைசி வரிசைகளில் இடம் கேளுங்கள். ஏறும் படி பின்பக்கம்தான் இருக்கிறது, படிகளும் குறைவு. புரொப்பல்லர் இரைச்சலும் அங்கே குறைவாகத்தான் கேட்கிறது.